லஸ்காரின்கள் செய்தது துரோகமா?

வல்லமை மிக்க ஏகாதிபத்தியங்கள் அடிமை நாடுகளிடம் ஏன் தோற்கின்றன என்று வினவுவோர் அமெரிக்காவையோ வியட்நாமையோ சுட்டுவது வழக்கம். கல்முனையிலும் ஒலுவிலிலும் வாழும் நாம் அத்துணை தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமக்குத் தென்மேற்கே, ஊவா மலையடிவாரத்து ரந்தெனிவெலவில், 1630 ஓகஸ்ட் மாதத்தில் போர்த்துக்கேயப் படையொன்று முற்றாக அழிந்தது. அதை நடத்திச் சென்ற கொன்ஸ்தந்தீனு த சா அக்களத்திலேயே மாண்டார்.

இவர் நமக்கு அந்நியரல்லர். 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஆணையை நிறைவேற்றியவர் இவரே. வெளியேற்றப்பட்டோரில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இரண்டாண்டுகளில் புளியந்தீவில் கோட்டை எழுப்பி, அந்த அடைக்கலப் பூமிக்கும் த சா வந்து சேர்ந்தார்.

அவருடைய படையில் போர்த்துக்கேயர் சில நூற்றுவரே. பிரேசில் முதல் மக்காவோ வரை சிதறிக் கிடந்த பேரரசுக்கு, சிறிய தாயகம் அதற்கு மேல் ஆள் அனுப்ப இயலவில்லை. எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் லஸ்காரின்கள். அதாவது, நிலத்துக்கு ஈடாகப் போர்ச்சேவை செய்யக் கடமைப்பட்ட கரையோரச் சிங்களக் குடியானவர். முதலியார்கள் சிலர் முன்னரே வகுத்த திட்டப்படி, அவர்களிற் பெரும்பாலோர் களத்தில் எதிரணி சேர்ந்தனர். 1594 இல் தந்துரையில் நடந்ததும் இதுவே. 1638 இல் கன்னொறுவையில் நடந்ததும் இதுவே. நாற்பத்துநான்கு ஆண்டுகளில் மும்முறை! பாடம் படிக்கவில்லை என்று தளபதிகளைப் பழிப்பது எளிது. ஆனால் லஸ்காரின்களை நம்பவும் முடியாது, அவர்களின்றி ஓரடி நகரவும் முடியாது என்பதே அவ்வாட்சியின் நிலை. இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் போர்த்தந்திரம் எதுவும் இல்லை.

போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் இதைத் துரோகம் என்றனர். கொடுத்த வாக்கை மீறுவது துரோகமே எனில், அவ்வாக்கு எவ்வாறு பெறப்பட்டது என்றும் கேட்க வேண்டும். குடியானவனின் கிராமம் அவனைக் கேளாமலே அந்நியப் பிரபுவுக்கு வழங்கப்பட்டது. மரபுக்கு மிஞ்சிய ஊழியமும் பொருளும் அவனிடம் பறிக்கப்பட்டன. 1616 இல் நிக்கபிட்டிய பண்டாரவின் பின்னே ஊர்கள் கிளர்ந்தெழுந்தது இதனாலன்றோ? பசியையும் சவுக்கையும் காட்டி வாங்கிய சத்தியம் வாங்கியவனையே கட்டுப்படுத்தாதபோது, கொடுத்தவனை மட்டும் எங்ஙனம் கட்டுப்படுத்தும்?

எனினும் லஸ்காரினை வீரனாக்கி மாலையிட எனக்கு மனம் ஒப்பவில்லை. களம் மாறுமுன் அதே கைகள் எத்தனையோ முறை மலைநாட்டு ஊர்களுக்குத் தீயிட்டிருந்தன. ரந்தெனிவெலவுக்கு முன் பதுளையைச் சூறையாடியதும் அப்படையே. கட்டாயம் என்ற சொல் அந்தத் தீயை அவித்துவிடாது. அவர்களை வழிநடத்திய முதலியார்களோ அந்நியனிடம் கிராமங்களும் பட்டங்களும் பெற்றுத் தழைத்தவர்கள். அவர்கள் கணக்கு வேறு, குடியானவன் கணக்கு வேறு. ஒரே இரவில் இரண்டும் ஒரே திசையில் நடந்தமையாலேயே ஏகாதிபத்தியம் சரிந்தது. அத்திசை எத்துணை தூரம் ஒன்றாயிருக்கும் என்பதை அன்று எவரும் கேட்கவில்லை.

விடை விரைவில் வந்தது. 1638 மே மாதத்தில் ஒல்லாந்தரின் துணையோடு இரண்டாம் இராஜசிங்கன் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றி, அவர்களோடு உடன்படிக்கையும் செய்தான். பிடிபடும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்துப் படை தங்கலாம் என்ற நிபந்தனை அவன் பிரதியில் இருந்தது, ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கியதாகச் சிங்கள மக்கள் இதைச் சொல்வர். 1656 இல் கொழும்பு வீழ்ந்தபோது மன்னனின் ஆட்களுக்கு வாயில் திறக்கப்படவில்லை. உள்ளே அமர்ந்த ஒல்லாந்தர் நிலப் பதிவுகளைப் புதுப்பித்து, அதே கிராமங்களிலிருந்து லஸ்காரின்களைத் திரட்டத் தொடங்கினர்.