நாளை என்னும் பண்டம்

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே, ஈரி ஏரியின் கீழைக்கரையில் அமைந்த பஃபலோ நகரத்து அரங்கொன்றில் விந்தையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அந்நகரின் தொழில்முறை ஐஸ் ஹொக்கிக் கழகமான சேபர்ஸ், அரிஸோனாக் கழகத்தை எதிர்த்து ஆடியது. ஆட்டம் சமநிலையில் நின்று மேலதிக நேரத்துக்குச் சென்றது. அரிஸோனா வீரர் சாம் கான்யே வெற்றிக் கோலை அடித்தார். உடனே அரங்கில் இருந்தோரிற் பலர் எழுந்து ஆரவாரித்தனர். அவர்கள் அரிஸோனாவின் ஆதரவாளர் அல்லர். பஃபலோவின் சொந்த இரசிகர்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, கழகத்தின் சின்னம் பொறித்த மேற்சட்டையை அணிந்து வந்து, அக்கழகம் தோற்றதற்காக மகிழ்ந்தார்கள்.

பைத்தியக்காரத்தனம் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அவர்களின் மகிழ்ச்சிக்குத் தெளிவான காரணம் இருந்தது. வட அமெரிக்கத் தேசிய ஹொக்கிச் சங்கத்தின் கழகங்கள் ஆண்டுதோறும் கூடி, பதினெட்டு வயதை எட்டும் இளைஞர்களை முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. இன்று 32 கழகங்கள் ஏழு சுற்றுகளில் 224 பேரைத் தெரிகின்றன. கடைசி இடத்திற் கிடக்கும் கழகத்துக்கே முன்னுரிமை கிடைக்கத்தக்கதாய் விதிகள் உள்ளன. சிறிதளவு குலுக்கலும் உண்டு. 2015இல் கொனர் மக்டேவிட், ஜாக் ஐக்கல் என்னும் இருவர் அத்தெரிவுக்கு வரவிருந்தனர். கடைசி இடத்தைப் பெறும் கழகம் குலுக்கலிற் தோற்றாலும், இருவரில் ஒருவன் அதற்கு நிச்சயம். அட்டவணையின் அடியில் அரிஸோனாவும் பஃபலோவும் அந்தக் கடைசி இடத்துக்காகப் போட்டியிட்டன. ஆகவே அன்றிரவு விழுந்த கோலை, இன்னும் தம் நகரில் ஓர் ஆட்டமும் ஆடாத ஓர் இளைஞனின் வருகையாகவே பஃபலோ இரசிகர்கள் கண்டார்கள்.

இவ்விரசிகர்கள் யார்? 1950இல் 5 இலட்சத்து 80 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்த பஃபலோ, 2010இல் 2 இலட்சத்து 61 ஆயிரமாகச் சுருங்கியது. ஈரிக் கால்வாயின் முனையில் தானியக் களஞ்சியங்களாலும், அயலிலுள்ள லக்கவானாவின் உருக்காலையாலும் எழுந்த நகரம் அது. அவ்வுருக்காலையின் பெரும்பகுதி 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. வேலை போயிற்று, பிள்ளைகள் வேற்றூர் சென்றனர், ஹொக்கிக் கழகம் மட்டும் எஞ்சிற்று. 1970இல் தோன்றிய அக்கழகம் ஸ்ரான்லி கிண்ணத்தை ஒருமுறையும் வென்றதில்லை. 2011-12 தொடக்கம் 2024-25 வரை பதினான்கு பருவங்கள் தொடர்ச்சியாக இறுதிக்கட்டப் போட்டிகளுக்கே தகுதி பெறவில்லை. நிகழ்காலத்திற் பெறுவதற்கு ஒன்றுமில்லாத மக்கள் வருங்காலத்தைப் பற்றியே பேசுவார்கள். இதில் இழிவு இல்லை. நம்பிக்கை கொள்ள மனிதனுக்கு ஏதேனும் ஒரு பற்றுக்கோடு வேண்டும்.

அந்தப் பேச்சினையும் நாம் ஏளனமாகக் கருதலாகாது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பகலைக் கழித்தவர்கள், எங்கோ ஒரு சிற்றூரின் குளிர்ந்த அரங்கில் ஆடும் பதினேழு வயதுப் பையனின் சறுக்கு நடையை, பந்துக்குப் பதிலாகப் பயன்படும் றப்பர் வட்டினை அவன் கையாளும் விதத்தை, நெருக்கடியில் அவன் தலையுயர்த்திப் பார்க்கிறானா என்பதை நுணுகி ஆராய்கின்றனர். ஒருவரின் கூற்றை மற்றவர் மறுக்கிறார். மறுப்புக்குச் சான்று கேட்கிறார். பட்டம் பெறாத மக்களிடையே வழங்கும் இக்கூட்டு அறிவு, பல்கலைக்கழக மண்டபங்களிற் கேட்கும் சில விரிவுரைகளிலும் கூர்மையானது என்பது எமது எண்ணம்.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. இன்னும் ஆகாத ஒரு மனிதனை, அவன் ஆகக்கூடியதைக் கொண்டு விலை மதித்தல் அறத்துக்கு ஒக்குமா?

அவர்கள் வழங்கும் சொற்களையே முதலிற் பார்ப்போம். தெரிந்தெடுக்கப்பட்டு இன்னும் பெரிய அரங்கிற்கு வராத இளைஞனை ‘புரொஸ்பெக்ற்’ என்பார்கள். முன்னோக்கிப் பார்த்தல் என்பதே அதன் மூலப்பொருள். பொன்னும் எண்ணெயும் தேடி மண்ணைத் துளைப்பவனுக்கும் ஆங்கிலத்தில் இச்சொல்லிலிருந்தே பெயர் பிறந்தது. (2011இல் பஃபலோக் கழகத்தை விலைக்கு வாங்கியவர் நிலவாயுக் கிணறுகளால் செல்வம் ஈட்டியவர் என்பதை ஈண்டு நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.) இளைஞன் கழகத்தின் ‘சொத்து’. எதிர்பார்த்த அளவு வளராவிட்டால் அவன் ‘பொய்த்துப்போனவன்’. கிணற்றில் எண்ணெய் இல்லை. இளைஞன் மட்டுமன்றி, அவனைத் தெரிந்தெடுக்கும் உரிமையும் விற்பனைக்குரியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் வரும் தெரிவுரிமை இன்றே கைமாறுகிறது. அவ்வுரிமையின் பொருளாக அமையப்போகும் சிறுவனுக்கு இன்று பதினைந்து வயது, அவன் யார் என்பது வாங்குபவனுக்கும் தெரியாது. வருங்கால வருவாயின் மீதான உரிமைச்சீட்டு தானே மூலதனம்போல் நடமாடுவதை மார்க்ஸ் கற்பனை மூலதனம் என்றார். பத்திரங்களைப் பற்றி அவர் கூறியதைப் பையன்களுக்குப் பொருத்திப் பார்க்கவேண்டிய நிலை வந்திருக்கிறது.

இங்கே தலைகீழான ஒரு முறைமை தோன்றுகிறது. உள்ளாற்றலிலும் செயல்நிலையே முந்தியது, விதை மரத்தின் பொருட்டே உள்ளது என்றார் அரிஸ்ரோட்டில். இச்சந்தையிலோ விதைக்குத்தான் விலை. முளைத்துவிட்டால் அதன் விலை வீழ்கிறது. ஆடாதவனுக்கு எல்லையில்லை, ஆடத் தொடங்கியவனுக்கு எல்லை தெரிந்துவிடுகிறது. 1993இல் ஒட்டாவாக் கழகம் முதலாவதாகத் தெரிந்தெடுத்த அலெக்ஸாந்தர் டேக் என்பவருக்கு, ஓர் ஆட்டமும் ஆடுமுன்னரே, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி 22 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கிடைத்தது. அவர் உலகின் தலைசிறந்த சங்கத்தில் 616 ஆட்டங்கள் ஆடி 129 கோல்கள் அடித்தார். உலகில் எத்தனை பேர் அதனைச் செய்திருப்பார்கள்? ஆயினும் பொய்த்துப்போனவர்களின் பட்டியல் எங்கு வெளிவந்தாலும் அவர் பெயர் அதன் தலைப்பில் நிற்கிறது. அவர் தோற்றது பிறரிடம் அன்று. பதினெட்டு வயதில் மற்றவர்கள் தம் மனத்திலே வரைந்துகொண்ட தமது சொந்த உருவத்திடம். மறுபுறத்தில், குள்ளமானவர் என்று எந்தக் கழகமும் தெரிந்தெடுக்காத மார்ட்டின் சென் லூயி, 2004இல் சங்கத்தின் மிகச் சிறந்த வீரருக்கான விருதையும் ஸ்ரான்லி கிண்ணத்தையும் ஒருங்கே பெற்றார்.

ஆடாதவனே நிறைவானவன் என்பதற்குப் பஃபலோவே ஒரு வேடிக்கையான சான்றையும் தந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டுத் தெரிவு, போட்டிச் சங்கத்துக்கு அஞ்சி, இரகசியமாகத் தொலைபேசி வழியே நடத்தப்பட்டது. அது சலிப்பூட்டுமாறு நீண்டது. பொறுமையிழந்த பஃபலோ முகாமையாளர் பஞ்ச் இம்லாக், பதினோராம் சுற்றில், டோக்கியோ கட்டானாஸ் கழகத்தைச் சேர்ந்த தாரோ சுஜிமோத்தோ என்னும் ஜப்பானிய வீரரைத் தெரிவதாக அறிவித்தார். சங்கத் தலைவரும் அதனைப் பதிந்துகொண்டார். அப்படி ஒரு வீரரும் இல்லை, அப்படி ஒரு கழகமும் இல்லை. உண்மை வெளிப்பட்ட பின்னர் பதிவேட்டில் அத்தெரிவு செல்லாது எனக் குறிக்கப்பட்டது. இரசிகர்களோ தாரோவைக் கைவிடவில்லை. ஆட்டம் மந்தமான வேளைகளில் ‘தாரோ வேண்டும்’ என்று கூவினார்கள். அவர் பெயரால் பதாகைகள் தொங்கவிட்டார்கள். நகைச்சுவைதான். ஆயினும் அந்நகைச்சுவையில் ஒரு தன்னறிவு இருந்தது: தாம் காத்திருப்பது இல்லாத ஒருவனுக்காக என்பதை அவர்கள் அறிந்தே கூவினார்கள். பிற்காலத்து இரசிகர்களிடம் அத்தன்னறிவு குறைந்துவிட்டதோ என ஐயுறுகிறேன்.

சரி, மதிப்பீடு சரியாக அமைந்தால் மட்டும் போதுமா, அது எதனை அளக்கிறது என்பதையும் கேட்கவேண்டும். 1980களில் கனடிய உளவியலாளர் றொஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் ஆய்ந்தோரும் ஓர் எளிய உண்மையைச் சுட்டிக்காட்டினர். இளையோர் ஹொக்கியில் உயர்நிலைக்கு வந்தவர்களில் சனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களிற் பிறந்தோர் மிகையாகவும், ஆண்டின் கடைசி மாதங்களிற் பிறந்தோர் குறைவாகவும் காணப்பட்டனர். காரணம் நட்சத்திரம் அன்று. வயதுப் பிரிவு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒன்பது வயதில் பத்து மாத மூப்பு என்பது பெரிய உடல், பெரிய வலிமை. மூத்த பையனைத் திறமைசாலி என்று பயிற்றுநர் தெரிகிறார். அவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதலான ஆட்டநேரமும் கிடைக்கின்றன. பின்னர் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிறான். 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஆண்டின் பிற்பாதியிற் பிறந்தோர் தம் பின்னாளைய ஆற்றலுக்குத் தக்க இடத்திலும் பிந்தியே தெரிந்தெடுக்கப்படுகின்றனர் எனக் காட்டியது. இவற்றுடன் காலணி, காப்பணி, அரங்கக் கட்டணம், தூரப்பயணம் ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக்கொள்க. ‘பிறவித் திறமை’ என்று நாம் போற்றுவதிற் பாதி, பிறந்த மாதமும் தந்தையின் வருவாயும் ஆகும்.

ஆசிரியர்களாகிய வாசகர்கள் இவ்விடத்தில் என்னை மடக்கலாம்: ‘நாங்களும் மாணவரை மதிப்பிடுகிறோமே, இவன் முன்னேறுவான், இவன் தேறமாட்டான் என்று ஓய்வறையிற் பேசுகிறோமே, அதுவும் குற்றமா?’ இக்கேள்வியை நானும் என்னிடம் கேட்டதுண்டு. ஓய்வறையில் தேறமாட்டான் என்று தீர்ப்புக் கூறிவிட்டு, பின் அந்தப் பையனை வகுப்பிற் கேள்வி கேளாமலே விட்டவன் நான். அவன் தேறாததும் என் தீர்ப்பின் கூர்மைக்குச் சான்றென்றே அன்று தோன்றிற்று. மதிப்பீடு இல்லாமற் கற்பித்தல் இல்லை. ஆனால் மருத்துவன் நாடி பார்ப்பதும் வணிகன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் ஒரே செயல் அன்று. முன்னையதில் அறிவு பார்க்கப்படுபவனிடமே திரும்பி வருகிறது. அவன் நலமே அதன் பயன். பின்னையதில் அறிவு பார்ப்பவனின் பையிலே தங்கிவிடுகிறது. இரசிகன் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறான். அவனுக்கு இலாபம் இல்லை. இளைஞனை அவன் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. ஆயினும் முதலாளியின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு பார்க்கிறான். சம்பள வரம்பு, ஒப்பந்த ஆண்டுகள், கைமாற்று விலை ஆகியவற்றைத் தன் வீட்டுக் கணக்குப்போற் பேசுகிறான். தான் வேலை செய்த ஆலையை எந்தக் கணக்கு மூடிற்றோ அந்தக் கணக்கினையே, ஓய்வுநேர இன்பமாக, மற்றோர் உழைப்பாளியின்மீது அவன் பழகிக்கொள்கிறான். என்னைக் கலங்கச் செய்வது இதுவே.

கோடிக்கணக்கிற் சம்பளம் பெறுபவனை உழைப்பாளி என்பதா என்று சிலர் முகஞ்சுளிப்பர். தெரிந்தெடுக்கப்படும் 224 பேரிற் பலர் அப்பெரிய அரங்கில் ஓர் ஆட்டமும் ஆடுவதில்லை என்பது ஒரு விடை. இம்முறையின் வேர் வேறு என்பது மற்றொன்று. 1963இல் மொன்றியலில் முதலாவது தெரிவு நடந்தபோது முதலாவதாகத் தெரியப்பட்ட கரி மொனகனுக்கு வயது பதினாறு. அதற்கு முன்னரோ கழகங்கள் சிற்றூர்களின் சிறுவர் அணிகளுக்குப் பணம் கொடுத்து, பையன்களிடம் ஒப்பம் பெற்று, அவர்களைத் தம் வசமாக்கின. மாபெரும் வீரரான பொபி ஓர் 1962இல் பொஸ்ரன் கழகத்துக்கு ஒப்பமிட்டபோது பதினான்கு வயது. குடும்பத்துக்குக் கிடைத்த பயன்களில் வீட்டுச் சுவருக்குப் புதுப்பூச்சும் ஒன்று.

மூன்றாவது விடை ஜாக் ஐக்கலின் கழுத்து. 2015இல் குலுக்கல் எட்மன்ரனுக்கு விழ, மக்டேவிட் அங்கு போனார். ஐக்கல் பஃபலோவுக்கு வந்தார். பின்னர் அணித்தலைவரும் ஆனார். 2021 மார்ச்சில் அவருக்குக் கழுத்து முள்ளந்தண்டின் இடைவட்டு பிதுங்கிற்று. கழகத்தின் மருத்துவர்கள் என்புகளை ஒன்றிணைக்கும் சத்திரசிகிச்சையை விரும்பினர். ஐக்கல் செயற்கை வட்டுப் பொருத்துவதை விரும்பினார். அச்சங்கத்து வீரர் எவரும் அதற்குமுன் அதனைச் செய்துகொண்டதில்லை. அவருடைய கழுத்தைப் பற்றிய இறுதி முடிவு யாருடையது? கூட்டு ஒப்பந்தத்தின்படி, கழகத்தினுடையது. மாதங்கள் கழிந்தன. செப்டெம்பரில் அணித்தலைமை பறிக்கப்பட்டது. நவம்பரில் அவர் வேகாஸ் கழகத்துக்குக் கைமாற்றப்பட்டார். புதிய கழகம் இசைந்தது. சில நாட்களில் விரும்பிய சிகிச்சை நடந்தது. 2023இல் ஸ்ரான்லி கிண்ணத்தை அவர் கையிலேந்தினார். ஆண்டுக்கு ஒரு கோடி டொலர் பெறுபவனுக்கும் தன் கழுத்து தன்னுடையதாய் இல்லை என்றால், பணம் அந்தக் கேள்வியைத் தீர்த்துவிடவில்லை என்பது வெளிப்படை.

2022ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி ஐக்கல் வேகாஸ் வீரராகப் பஃபலோ அரங்குக்குத் திரும்பினார். வட்டு அவர் கோலிற் படும்போதெல்லாம் அரங்கு முழுவதும் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தது. சேபர்ஸ் 3-1 என வென்றது. இவ்வரங்கு இத்துணை உரத்து ஒலித்ததை நான் இங்கு ஆடிய காலத்திற் கேட்டதில்லை என்ற பொருள்பட அவர் பின்னர் கசப்புடன் கூறினார். ஏழு ஆண்டுகளுக்கு முன், அவரைப் பெறும்பொருட்டுத் தம் கழகத்தின் தோல்விக்கே ஆரவாரித்தவர்கள் அவர்கள். அவருக்கு ஈடாகப் பஃபலோ பெற்றவற்றில் அவ்வாண்டின் ஒரு தெரிவுரிமையும் இருந்தது. யூலை மாதம் மொன்றியலில் அதனைப் பயன்படுத்தி, 16ஆவது இடத்தில், நோவா ஒஸ்ட்லுன்ட் என்னும் பதினெட்டு வயது சுவீடியரைக் கழகம் தெரிந்தது. அன்றிரவே பஃபலோவில் அவருடைய உயரம், எடை, சறுக்கு நடை பற்றிய பேச்சுத் தொடங்கிவிட்டது.