முகவாயின் கீழ் ஒரு மடிப்பு

முகவாய்க்குக் கீழ்த் தொங்கும் கொழுப்பை ஊசிவழிக் கரைக்கும் மருந்துக்கு அமெரிக்க அரசு 2015ஆம் ஆண்டில் இசைவளித்தது. நம் பித்தநீரில் இயற்கையாகவே உள்ள டிஆக்ஸிகோலிக் அமிலமே அது. மாத இடைவெளி விட்டு ஆறு தவணைவரை செலுத்துவர். கொழுப்பு கரையும், தளர்ந்த தோலோ இறுகாது. ஆகவே ‘இரட்டை நாடி’ மறையாமல் ஏமாற்றமடைவோர் உளர்.

அவர்கள் அடுத்து என்செய்வது? வீக்கம் முற்றும் வடியும்வரை பொறுக்கலாம். எஞ்சிய தவணைகளைத் தொடரலாம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கவோ, கழுத்துத் தோலை இழுத்துத் தைக்கவோ அறுவைக்கு இணங்கலாம். ‘இவ்வளவு செலவழித்தாயிற்றே’ என்ற எண்ணமே சிலரைக் கத்தியிடம் தள்ளிவிடும். கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் அறிவோம்: பழைய செலவு புதிய செலவுக்கு ஒப்புதல் ஆகாது.

2022 மே மாதம் இதே பெங்களூரில், கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பின் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் மறைந்தார். அகவை 21. அறுவை அனைத்தும் தீது என்பதன்று நம் கருத்து. அழகுக்கான அறுவையும் அறுவையே.

ஆண்டுக்கொரு முறை ஊர்த் திருமணத்திற்குச் செல்லும் நம்மை உறவினர் முதலில் அளப்பது உடம்பைத்தான். அந்த மடிப்பை முதலில் கண்டது நம் கண்ணா, அவர்கள் நாவா? மகள் மருத்துவரிடம் செல்லுமுன் இதனை அவளோடு அமர்ந்து பேசுதல் பெற்றோர் கடமை. ‘இத்தோடு விட்டுவிட்டால் உடல்நலத்திற்குக் கேடு உண்டா?’ என்றும் மருத்துவரைக் கேட்கலாம். பெரும்பாலும் இல்லையென்றே கூறுவார்.