மறுத்துப் பேச ஒரு பிரதி

கருத்தரங்குகளில் எனக்கு மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. வாசலிலேயே யாராவது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். முன்வரிசையில் இடம் தருகிறார்கள். தண்ணி வேணுமா, டீ வேணுமா என்று நாலு பேர் கேட்கிறார்கள். கட்டுரை மட்டும் கிடைக்காது.

பார்வையில்லாத நான் கேட்பது, வாசிக்கப்போகிற கட்டுரையை இரண்டு நாள் முன்னால் யூனிகோடில் அனுப்புங்கள் என்பதுதான். கணினியில் ஸ்கிரீன் ரீடர் அதைப் படித்துக் காட்டும். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எனக்கு வருவதோ, தாளைப் படம் எடுத்த பி.டி.எஃப்.; இல்லாவிட்டால் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. முன்னதில் கருவிக்கு எழுத்தே தெரியாது. பின்னதைச் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசித்துத் தள்ளும்.

மேடையில் பேசுறவர் திரையைக் காட்டி, "இந்த அட்டவணையப் பாத்தாலே புரியும்" என்கிறார். அதில் இருக்கிற எண்களை வாய்விட்டு ரெண்டு வரி சொன்னால் எனக்கும் புரியும். சொல்ல மாட்டார்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கேட்டார்: "பக்கத்துல ஆள் உக்காந்து சொல்றாரே, அது போதாதா?" போதாது. அவர் சொல்வது அவருக்குப் பட்டது. கருத்தரங்கு கேட்டுவிட்டுக் கைதட்டிப் போகிற இடமா என்ன? மறுத்துப் பேசுகிற இடம். எந்த வரி தப்பு என்று காட்ட, அந்த வரி என்னிடமும் இருக்கணும். இல்லையென்றால் பாராட்ட மட்டுமே எனக்கு அனுமதி.

கருணை என்றால் ஒவ்வொரு தடவையும் நான் கேட்டு நிற்கணும். கொடுத்தவர் நல்லவர், நான் நன்றிக்கடன்பட்டவன். உரிமை என்றால், கேட்பதற்கு முன்பே ஏற்பாடு இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அளவுமீறிய சுமையாகாத நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. இரண்டு நாள் முன்னால் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது யாருக்குச் சுமை?

உள்ளே விடுவதும் சமமாக நடத்துவதும் ஒன்றல்ல என்பதைத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் நம்முடைய கூட்டங்களிலும் இதே நிலைமை என்பது அதிகமாக உறுத்துகிறது.

அடுத்த அழைப்பிதழில் மூன்று வரி சேருங்கள்: கட்டுரைகள் யூனிகோடில் முன்கூட்டியே அனுப்பப்படும். பெரிய எழுத்திலோ பிரெயிலிலோ வேண்டுவோர் இன்ன தேதிக்குள் தெரிவிக்கவும். பேசுவோர் திரையில் காட்டுவதை வாயாலும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் உங்களோடு உடன்படுகிறேனா இல்லையா என்பதை விவாதிக்கலாம்.