பிறர் துயரும் நாமும்

ஆங்கிலத்தில் சிம்பதி என்றும் எம்பதி என்றும் வழங்கும் இரண்டு பதங்களும் பாத்தோஸ் என்னும் ஒரே கிரேக்க வேரிலிருந்து கிளைத்தவை. பிறருடைய வேதனையில் உடன் நிற்பது முன்னது; அவ்வேதனைக்குள்ளேயே புகுந்து பார்ப்பது பின்னது. துக்கச் செய்தி கேட்டு அனுப்பும் அட்டையில் அச்சிடவும், ஓர் ஆலைத் தொழிலாளருக்காக வேறோர் ஆலையினர் செய்யும் வேலைநிறுத்தத்துக்குப் பெயரிடவும் சிம்பதி போதுமென்று ஒதுக்கிவிட்டு, மருத்துவ மாணவர்களுக்குப் போதிக்க வேண்டிய குணம் எம்பதியே என்று இப்போது சொல்கிறார்கள். மேலே நின்றுகொண்டு கீழே உள்ளவனுக்கு இரங்குவதுதான் சிம்பதி என்ற அபவாதமும் எழுந்திருக்கிறது. அது நியாயமன்று என்பது என் துணிபு.

எம்பதி வயதில் மிக இளைய பதம். ஓங்கிய தூணையோ மலையையோ காண்கிறவன், தன் உள்ளத்தின் எழுச்சியையே அதில் ஏற்றி, அதுவே விம்மி எழுவதாக உணர்கிறான் அல்லவா? அதைக் குறிக்க ஜெர்மனியில் ராபர்ட் விஷர் 1873-இல் கையாண்டு, தியோடர் லிப்ஸ் பின்னர் விரித்துரைத்த ஐன்ஃபூலுங் என்ற சொல்லுக்கு ஈடாக, கார்னெல் பல்கலைக்கழக மனோதத்துவப் பேராசிரியர் டிட்சனர் 1909-இல் எம்பதி என்ற பதத்தை ஆக்கினார். ஜடப்பொருளுக்குள் புகுவதைப் பற்றிப் பிறந்த கருத்து அது. உள்ளே புகுந்துவிட்டேன் என்று நாம் சொன்னால் கல் மறுத்துப் பேசாது. மனிதன் மறுக்கக் கூடும்.

அந்தப் பதம் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, கிளாஸ்கோவில் ஒழுக்கத் தத்துவம் போதித்துவந்த ஆடம் ஸ்மித், 1759-இல் வெளியிட்ட தம் நூலைச் சிம்பதியிலிருந்துதான் தொடங்கினார். பிறன் காலில் அடி விழப்போவதைக் கண்டால் நம் காலை நாமே இழுத்துக்கொள்கிறோம் என்றும், கயிற்றின்மேல் ஆடுகிறவனைப் பார்க்கும் ஜனக்கூட்டம் அவனோடு தானும் உடலை வளைத்து நெளிகிறது என்றும் அவர் காட்டும் உதாரணங்களைப் பார்த்தால், இன்று எம்பதிக்கு உரியதெல்லாம் அன்று சிம்பதிக்குள்ளேயே அடங்கியிருந்தது விளங்கும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கற்பனை எவ்வளவு முயன்றாலும் காண்கிறவனின் துயரம் படுகிறவனின் துயரத்துக்கு எட்டாது என்றும், அதை உணர்ந்தே படுகிறவன் தன் துயரத்தின் சுருதியைப் பிறர் தொடரக்கூடிய அளவுக்கு இறக்கிக்கொள்கிறான் என்றும் அவர் சொன்னதே எனக்கு மிகப் பெரிய உண்மையாகத் தோன்றுகிறது.

வளர்ந்த மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவரிடம், துக்கம் விசாரிக்க வந்தவர் கையைப் பற்றிக்கொண்டு, "உங்கள் வேதனை எனக்கு அப்படியே தெரிகிறது" என்றார். நண்பர் சிறிது நேரம் அவரைப் பார்த்தார், பிறகு, "காபி சாப்பிட்டீர்களா? எந்த ரயிலுக்குத் திரும்ப வேண்டும்?" என்று விசாரித்தார். வந்தவரைத் தேற்றும் பொறுப்பையும் அந்தத் தகப்பனே ஏற்றுக்கொண்டார். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்தவர்களின் செருப்புகளை ஒழுங்குபடுத்தி வைத்துப் போன அண்டைவீட்டுப் பெரியவர் அப்படி எதையும் அவரிடம் கோரவில்லை.

பிறன் நெஞ்சுக்குள் புக முயல்வது வேண்டாமென்று நான் சொல்லவில்லை. புகுந்துவிட்டதாக அவனிடம் அறிவிப்பதைத்தான் வேண்டாமென்கிறேன். இரண்டு பதங்களில் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்றால், இடையிலுள்ள தூரத்தை ஒப்புக்கொண்டு அருகில் நிற்கும் ஸ்மித்தின் பதத்தையே நான் வைத்துக்கொள்வேன்.