மரத்தில் செதுக்கிய முகம்

மாண்டவருக்கு முகம் எதற்கு? பெரு நாட்டின் தொன்மையான வழக்கமொன்றைக் கற்றபோது இக்கேள்வி நம்மைப் பற்றிக்கொண்டது.

லீமா நகருக்குத் தெற்கே, கடலோர மணற்காட்டில், பச்சாகாமாக் என்னும் பழைய வழிபாட்டுத் தலம் உளது. 1896-ஆம் ஆண்டில் மாக்ஸ் ஊலே என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கே அகழ்ந்தார். மணலுக்கடியில் பொதி பொதியாக மனிதர்! அந்நாட்டார் இறந்தவரை முழங்கால் மடக்கி உட்காரவைத்து, பருத்தித் துணியாலும் கம்பளியாலும் சுற்றின்மேல் சுற்றாகப் பொதிந்தனர். நூலோடு பழகிய கைகளே அதன் அருமையை அறியும். ஒரு பிணத்தைப் பொதிய எத்தனை பேர் எத்தனை நாள் நூற்று நெய்திருப்பரோ! சில பொதிகளின் உச்சியில் ஒரு பொய்த்தலை. அதன் முன்னே மரமுகம். கண்ணுக்குச் சிப்பி, முகமெங்கும் சாதிலிங்கச் சிவப்பு. இவற்றுட் பல ஏறத்தாழ கி.பி. 600 முதல் 1000 வரை உள்ள காலத்தன என்பர்.

சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கலந்த பொருள். உவான்காவெலிகா மலைச் சுரங்கங்களில் அதை வெட்டினர். வெட்டி அரைத்தவரை அந்நஞ்சு விட்டிருக்குமா? மாண்டவர் முகம் சிவக்க வாழ்பவர் உடல் தேய்ந்தது என்பதை நாம் மறக்கவொண்ணாது. எல்லார்க்கும் இம்முகம் கிட்டவுமில்லை. வெறுந்துணியோடு மண்ணுள் சென்றோர் பலர்.

"அழியும் உடலை அழியாததாக்க முயன்ற மயக்கம்" என்றே முதலில் நாம் தீர்ப்புக் கூறினோம். பின்னர் அம்முகங்களின் படங்களை ஒருசேர வைத்துப் பார்த்தோம். அதே தட்டையான கன்னம், அதே நீண்ட மூக்கு, அதே இமையாத விழி. இன்னார் என்று அடையாளம் காட்டும் சாயல் ஒன்றிலும் இல்லை! மேலும், மரமுகம் பிணத்தின் முகத்தைத் தொடுவதுமில்லை. உண்மை முகம் துணிகளுக்குள்ளே ஆழத்தில் கிடக்கிறது. ஆகவே, 'நான்' என்று திரிந்தவனைப் பிடித்துவைக்கும் முயற்சியன்று இது. அவனை நாடி வருவோர் வெறும் மூட்டையை நோக்கி நில்லாதபடி, கண்ணொன்று அவர்களை எதிர்நோக்கட்டும் என்ற கருணையே இதுவென நமக்குத் தோன்றுகிறது. முன்னைய தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறோம்.

ஆனால் கல்லறைத் திருடர் செய்ததை எவ்வாறு பொறுப்பது? விலைபோகும் என்று முகத்தைப் பெயர்த்தெடுத்தனர்; துணியைக் கிழித்தனர்; எலும்பை மணலில் எறிந்தனர். அயல்நாட்டுக் காட்சிசாலைகளில் அம்முகங்கள் பல தனியே நிற்கின்றன. எந்தப் பொதிக்கு உரியது என்று கூறுவார் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிப்பிக் கண்கள் மட்டும் விழித்திருக்கின்றன.