முறை தெரியாத கணக்கு

இணையத்தில் நாய்க் கண்காட்சி விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. முடி கொட்டாது, குரைக்காது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். திரையில் ஒரு பெட்டையும் ஒரு கடுவனும் இருக்கும். பழக்கிப் போட்டிக்கு அனுப்பினால் புள்ளி கிடைக்கும். அசல் ஆட்டம் அதற்குப் பிறகுதான்: எதை எதோடு ஜோடி சேர்ப்பது? பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதில் கெட்டிக்காரர்கள். சாம்பல் திட்டு விழுந்த அந்த அழகான ‘மெர்ல்’ நிறத்து நாய்கள் இரண்டை ஒருநாளும் சேர்க்க மாட்டார்கள். தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என்று அந்த மரபணு இருந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டு பிறக்கும். அதற்குப் பார்வை போகலாம், காது கேளாமல் போகலாம். பிரிட்டனின் நாய்ப் பதிவு அமைப்பான கென்னல் கிளப், எந்த இனமானாலும் இரண்டு மெர்ல் சேர்ந்து பிறக்கும் குட்டிகளைப் பதிவதில்லை என்று முடிவுகட்டியது 2013இல்தான்.

சில ஆட்டங்கள் இன்னொரு எண்ணையும் காட்டும். குட்டிக்குத் தாய்வழி வந்த மரபணுவும் தகப்பன்வழி வந்ததும் ஒரே மூதாதையின் நகல்களாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண் அது. அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட் 1922இல் வகுத்த கணக்கு. அண்ணன் தங்கை சேர்ந்தால் 25 விழுக்காடு. தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொது என்றால் 12.5. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் என்றால் 6.25. எல்லோர் உடம்பிலும் பழுதான மரபணுக்கள் சில ஒளிந்திருக்கின்றன. மறுபக்கத்தின் நல்ல நகல் அதை மூடிக் காக்கும். இரண்டு நகலும் ஒரே இடத்திலிருந்து வந்தால் மூட ஆளில்லை. (ரைட்டின் சொந்தத் தாய் தந்தையரே ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். கணக்கு போட்டவரையும் கணக்கு விடவில்லை.)

எண் ஏறினால் ஆடுகிற பிள்ளை என்ன செய்கிறது? வேறு கொட்டிலில் கடுவன் தேடுகிறது. ‘எங்கள் பரம்பரை ரத்தம்’ என்று அழுவதில்லை. உயிருள்ள நாயோடு காலமெல்லாம் புழங்கிய பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

டால்மேஷியன், வெள்ளை உடம்பில் கரும்புள்ளி போட்ட நாய். மற்ற நாய்கள் உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தைப் பெரும்பாலும் வேறு பொருளாக மாற்றிக் கழித்துவிடும். டால்மேஷியனால் அது சரிவர முடியாது. அமிலம் கல்லாகக் கட்டலாம். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், ஒரு காலைத் தூக்கி நின்றபடி சொட்டுக்கூடப் போகாமல் துடிக்கும். உடனே வைத்தியம் இல்லையென்றால் சாவுதான். மற்ற நாய்களிடம் இருக்கும் ஒரு நல்ல மரபணு, தூய டால்மேஷியன் ஒன்றிடமும் இல்லை. ஆக, தூய்மைக்குள்ளேயே எவ்வளவு தேடினாலும் மருந்து கிடைக்காது. ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973இல் வெளியே போனார். ஒரே ஒரு பாயிண்டர் இன நாயோடு கலந்தார். பிறகு வந்த தலைமுறைகளையெல்லாம் நல்ல மரபணு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து டால்மேஷியனோடே சேர்த்தார். பாயிண்டர் ரத்தம் ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைந்தது. கடைசியில் மிஞ்சியது புள்ளியும் உடலும் டால்மேஷியன், சிறுநீர் மட்டும் சாதாரண நாயுடையது.

அமெரிக்கக் கென்னல் கிளப் 1981இல் இப்படிப்பட்ட நாய்கள் இரண்டைப் பதிவேட்டில் சேர்த்தது. டால்மேஷியன் சங்கத்தார் கொதித்தெழுந்தார்கள். கதவு மூடியது. மறுபடி திறந்தது 2011இல். 1973 முதல் 38 ஆண்டுகள், மூன்று நாய் ஆயுசு. நாயை நேசிக்காத கல்நெஞ்சர்கள் செய்த காரியமல்ல இது. மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள் செய்தது. அவர்கள் காத்தது நாயை அல்ல, பதிவேட்டை. நம் ராஜபாளையம் நாயில் வெள்ளைதான் அசல் என்று வெள்ளையையே பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் இதே வியாதிதான்.

இனி, கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ஆட்டத்தில் பார்த்த அந்த 12.5 என்ற எண் வேறெங்கும் இல்லையா? அக்கா மகளைக் கட்டுகிற கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அதே 12.5. மாமன் மகள், அத்தை மகள் என்றால் 6.25. 2019–21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். எல்லாப் பிள்ளையும் குறையோடு பிறக்கும் என்று பயமுறுத்துவது பொய். மாமன் மகள் கல்யாணத்தில் கூடுகிற ஆபத்து பொதுவாக இரண்டு, மூன்று விழுக்காடு. ஆனால் நம் நியாயத்தைப் பாருங்கள். சித்தப்பா மகள் பங்காளி வீட்டுப் பெண், தங்கச்சி முறை. அவளை நினைத்தாலே பாவம். மாமன் மகள் முறைப்பெண், உரிமை. இருவருக்கும் எண் ஒன்றே, 6.25. மரபணுவுக்குத் தாய்வழி, தகப்பன்வழி என்ற பந்தி கிடையாது. ஒரே கோத்திரம் கூடாது என்று பத்துத் தலைமுறை தள்ளி நிற்கிறவர், கூடப் பிறந்தவளின் மகளுக்குத் தாலி கட்டுகிறார். இதில் எது விஞ்ஞானம்? சொத்து வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டால்கூட மதிப்பேன். ‘முன்னோர்கள் முட்டாள்களல்ல’ என்கிறபோதுதான் சிரிப்பு வருகிறது.

அப்படியானால் மனிதர்களையும் புள்ளி பார்த்து ஜோடி சேர்க்கலாமா? அந்தக் கிறுக்கும் நடந்த கதைதான், அதுவும் அறிவின் பெயரால். யூஜெனிக்ஸ் என்று பெயர் சூட்டிய பிரான்சிஸ் கால்டன், 1897இல் தன் பரம்பரை விதிக்கு ஆதாரம் தேடியது பாசெட் இன நாய்களின் வம்சப் பதிவேட்டில். ‘தகுதியற்றவர்’களுக்குக் கட்டாயக் கருத்தடை என்ற சட்டத்தை 1907இல் அமெரிக்காவின் இண்டியானா கொண்டுவந்தது, 1933இல் ஹிட்லரின் ஜெர்மனி கொண்டுவந்தது. நான் கேட்பது அதுவல்ல. இருவரும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை போதும். தெரிந்த பின் கட்டுவதா, பெறுவதா என்பது அந்த இருவர் பாடு. ஆட்டத்தில் பெட்டையின் சம்மதம் கேட்கும் பொத்தான் இல்லை. போகட்டும், அது படம். பத்துப் பொருத்தத்திலும் அந்தப் பொத்தான் இல்லையே.

மனிதனை நாயோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்துப் பார்க்கட்டும். வயது, உயரம், நிறம், சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், சொத்து. பொறுப்பான வளர்ப்பாளர் ஒருவர் கடுவனுக்குத் தயாரிக்கும் தாளிலும் வயது, உயரம், நிறம், இனம், வம்சம் என்றே வரிசை போகும். நம் விளம்பரத்தில் நட்சத்திரம் இருக்கும் இடத்தில், அந்தத் தாளில் இடுப்பெலும்பு எக்ஸ்ரேயின் முடிவு இருக்கிறது.