நடுகல்லும் நம் கடமையும்

வீரனுக்குக் கல் நட்டு வழிபட்ட இனம் தமிழினம். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. ஆயினும், கல் நாட்டுவதோடு கடமை தீர்ந்துவிடுகிறதா? வீரத்தில் நாம் போற்றுவது எதனை? கொன்ற திறனையா, வென்ற கொடியையா, ஈந்த உயிரையா?

பந்திங் நகரை அடுத்த மோரிப் கடற்கரையில் 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை வந்திறங்கியது. அந்நிகழ்ச்சிக்கு அங்கே நினைவுச் சின்னம் உண்டு. வென்றவர் வருகைக்குக் கல் கிடைத்தல் எளிது. தோற்ற களத்தில் வீழ்ந்தவனுக்கு?

காஜாங்கில் 1915இல் பிறந்த அட்னான் பின் சைடி, ஓராண்டுக்கு மேல் பயிற்சி ஆசிரியராக இருந்து, 1933இல் மலாய்ப் படைப்பிரிவிற் சேர்ந்தவர். 1942 பிப்ரவரி 14ஆம் நாள் சிங்கப்பூரின் புக்கிட் சண்டு குன்றைச் சிறுபடையுடன் காத்து நின்றார். இந்தியப் படையினர்போல் வேடம் பூண்டு வந்த ஜப்பானியரை, மும்மூவராக நடவாமல் நந்நால்வராக நடந்ததைக் கொண்டே இனங்கண்டார். குண்டுகள் தீர்ந்தபின் கைகலந்து போரிட்டனர். படுகாயமுற்றும் பின்வாங்காத அவரைப் பகைவர் கொடுமையாகக் கொன்றனர். மறுநாளே சிங்கப்பூர் சரணடைந்தது.

அவ்வாறாயின் அத்தியாகம் வீணா? வெற்றியே அளவுகோலாயின் வீண்தான். ஆனால், போரின் முடிவு அவர் கையில் இல்லை. தம்முடன் நின்றோரை விட்டகலாமை ஒன்றே அவர் கையில் இருந்தது. அதனை அவர் செய்துமுடித்தார்.

அதே போரில், இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞரும் இளம்பெண்களும் இந்திய விடுதலை வேண்டி இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். அவர்கள் நின்றது ஜப்பானியர் பக்கம். அதே ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசென்ற தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். களத்தில் மாண்ட வீரர்க்காக 1945 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, மோரிப்பில் படை இறங்கிய அதே மாதத்தில் பிரிட்டிஷார் தகர்த்தனர். 1995இல்தான் அங்கு நினைவுப் பலகை அமைந்தது.

எதிரெதிர் அணியினரை ஒரே மனத்தாற் போற்றலாமா எனச் சிலர் வினவலாம். போற்றலாம், ஆயின் ஒரு வரையறை உண்டு. துணிவு மட்டுமே அறமாகாது. அட்னானை எதிர்த்தவரும் துணிவுடையவரே. வீரத்திற்கும் அன்பே துணை என்பது வள்ளுவர் கருத்து. காயமுற்று வீழ்ந்தவனைச் சிதைத்த இடத்தில் அன்பும் இல்லை, வீரமும் இல்லை. தன் மக்களைக் காக்கவோ அடிமைத்தளையை அறுக்கவோ உயிரீந்தவனை வணங்குதல், அவன் அணியினர் செய்த அனைத்தையும் ஏற்பதாகாது.

ஆகவே, மாலை சூட்டுமுன், அவன் எவரைக் காக்க நின்றான், அவனைக் களத்துக்கு அனுப்பியோர் என்ன செய்தனர் என்னும் இரு வினாக்களையும் மாணவர் கேட்கப் பழகுதல் வேண்டும். கேட்டறிந்து செலுத்தும் வணக்கத்தை எவராலும் தகர்க்க இயலாது.